அங்காளம்மாள், நீளம் இருபத்திரண்டு அடி

ஜனங்களுக்கு ஓட்டுப் போடத் தெரியாது என்பதை அடையாற்றுப் பக்கம் முதன்முதலில் கண்டுபிடித்தவர் ராவ்பகதூர் வேம்பு. அதற்கு முன்னால் அது ஜனங்களுக்கே தெரியாது.

அவருக்கு மயிலாப்பூரில் வக்கீல் தொழில். அடையாற்றுக் கரை யூனியன் போர்டுக்கு அவர்தான் பிரசிடெண்டு. அந்த போர்டில் நான் சேவகனாக இருந்தேன். கூட்டம் நடக்கும்போது கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பதும், கேட்ட மாதிரி காட்டிக்கொள்ளாமல் இருப்பதும் என் உத்தியோகம். ஆகையால் நான் சொல்வதில் எங்கேனும் பொய் தட்டுப்பட்டால், அது போர்டார் சொன்ன பொய். நான் சுமந்து வந்ததோடு சரி.

ராவ்பகதூரின் ஏற்பாடு இப்படி. ஓட்டுப் போடத் தெரியாத ஜனங்கள், ஓட்டுப் போடத் தெரிந்த ஒருவரை, ஓட்டுப் போட்டுப் பொறுக்கி எடுக்க வேண்டும். அவருக்குத் தேர்வாளர், இங்கிலீஷில் எலெக்டர், என்று பெயர். ஏழு வட்டம், ஏழு தேர்வாளர். ஏழு பேரும் ஓர் அறையில் கூடித் தங்களுக்குள் ஒருவரைப் பிரசிடெண்டாக்குவார்கள். ஆக்கிய கணமே அவர்கள் பதவி தீர்ந்துவிடும், கொட்டின தேனீ செத்துப்போவது மாதிரி.

"தெரியாதவர்கள் தெரிந்தவரை எப்படித் தெரிந்தெடுப்பார்கள்?" என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டார். நல்ல கேள்விதான். மறுநாள் வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

ராவ்பகதூர் அன்றைக்குப் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. "மகா ஜனங்களே! ஆயிரம் பேருடைய நம்பிக்கையைப் பெறுவது எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் முயன்று பார்த்திருக்கிறேன். நாலு பேருடைய நம்பிக்கையைப் பெறுவது எவ்வளவோ சௌகரியம். அந்த சௌகரியத்தைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சமர்ப்பிக்கிறேன்." ஜனங்கள் கைதட்டினார்கள். கைதட்டுவதில் ஜனங்கள் தேர்ச்சி பெற்றவர்கள் என்பதை ராவ்பகதூர் ஒருபோதும் மறுத்ததில்லை.

ஏழாவது வட்டம் ஊரூர்க் குப்பம். குப்பத்துக்கு போர்டிடம் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அது ஒரு வழி. கடற்கரையிலிருந்து சவுக்குத் தோப்பு ஊடாக அடையாற்றுப் பாலத்துக்கு ஒரு மண்பாதை உண்டு. விடியற்காலையில் குப்பத்துப் பெண்கள் மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பாதையில் ஓட்டமும் நடையுமாகப் போனால், வெயில் ஏறுவதற்குள் மயிலாப்பூர் அங்காடியில் உட்கார்ந்துவிடலாம். இல்லையென்றால் திருவான்மியூர் ரஸ்தாவைச் சுற்றிக்கொண்டு நாலு மைல். போய்ச் சேர்வதற்குள் மீனின் கண் வெளுத்துவிடும். கண் வெளுத்த மீனை மயிலாப்பூரில் பூனைதான் வாங்கும். அதுவும் பேரம் பேசும்.

ராவ்பகதூர் அந்தத் தோப்பை ஒட்டி ஒரு பங்களா கட்டினார். கட்டி முடித்த பிறகு, தம் பங்களாவுக்குப் பக்கத்தில் கடல் இருப்பதும், கடலில் மீன் இருப்பதும் அவருக்குத் தெரியவந்தது. பாதைக்குக் குறுக்கே ஒரு கதவு போட வேண்டும் என்று தீர்மானம் தயாராயிற்று.

அப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம். பிரசிடெண்டு தேர்தலும் வந்தது. குப்பம் முழுவதும் சேர்ந்து மண்ணாங்கட்டியைத் தேர்வாளராக்கியது. அலையைத் தவிர வேறு யாரிடமும் குரல் உயர்த்தாத மனுஷன் அவர். அவர் பெண்சாதி பச்சையம்மா, பாதையில் கூடையோடு முதலில் போகிறவள். "வேம்புக்குப் போடாதே. அத்தோட வாயை மூடிக்கினு திரும்பி வா" என்று அவள் சொல்லி அனுப்பினாள்.

வாயை மூடிக்கொண்டு திரும்பி வரத்தான் அவரும் புறப்பட்டார். ஆனால் வாசலில் ஒரு மோட்டார் கார் நின்றது. தேர்வாளரை கௌரவிக்கும் யாத்திரை என்றார்கள். திருக்கழுக்குன்றத்தில் மத்தியானம் இரண்டு கழுகு வந்து பிரசாதம் சாப்பிட்டுவிட்டுப் போகும், பார்த்தால் புண்ணியம் என்றார்கள். மண்ணாங்கட்டி கழுகைப் பார்த்தார். கழுகு சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டது. அவரும் சாப்பிட்டார். திரும்பும்போது கார் நின்றுவிட்டது. இரண்டு நாள் நின்றது. இரண்டு நாளும் வேளாவேளைக்குப் பொங்கல் வந்தது.

மூன்றாம் நாள் அவர் வந்து சேர்ந்தபோது தேர்தல் முடிந்திருந்தது. ராவ்பகதூருக்கு நாலு, எதிராக மூன்று. அந்த நாலில் ஒன்று மண்ணாங்கட்டியின் ஓட்டு, கைநாட்டோடு இருந்தது. அவர் தம் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது திருக்கழுக்குன்றத்தில் தம்மோடுதான் இருந்தது என்பது அவருக்கு நிச்சயம்.

மனுக் கொடுத்தார். தேர்தல் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் பிரசிடெண்டுக்கு. ஆகவே ராவ்பகதூரே விசாரித்தார்.

"நீ யாருடா?"

"மண்ணாங்கட்டி, ஸாமி. ஊரூர்க் குப்பத்து எலெக்டரு."

"எலெக்டரா இருந்தே. பிரசிடெண்டைத் தேர்ந்தெடுத்த உடனே அந்தப் பதவி தீர்ந்துபோச்சு. இல்லாத பதவிக்காரன் மனுக் குடுக்கப்படாது."

"நான் தேர்ந்தெடுக்கலியே ஸாமி. நான் கழுகு பாத்துக்கினு இருந்தேன்."

"நீ தேர்ந்தெடுக்கலேன்னா உன் பதவி தீரலை. உன் பதவி தீரலேன்னா பிரசிடெண்டு இன்னும் வரலை. பிரசிடெண்டே வரலேன்னா உன் மனுவை யாருடா விசாரிச்சிண்டிருக்கா?"

"நீங்கதான் ஸாமி."

"அப்போ பிரசிடெண்டு வந்தாச்சு. உன் பதவி தீர்ந்துபோச்சு. புரியறதோ?"

"புரியல ஸாமி."

"அதனாலதான் உங்களுக்கெல்லாம் ஓட்டுப் போடத் தெரியாதுங்கறது" என்று ராவ்பகதூர் தீர்ப்பு எழுதினார்.

இனி எந்த ஏழைக்கும் இப்படிக் குழப்பம் வரக்கூடாது என்று, அன்று சாயங்காலமே பதினாலாவது விதியையும் எழுதினார். தேர்வாளர் சான்றிதழில் முத்திரை விழுந்துவிட்டால், அவர் யார், எப்படிப்பட்டவர், எந்த விதத்தில் வந்தவர் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. கேட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் புதுப் பிரசிடெண்டிடம் நேரில் போய்க் கேட்க வேண்டும். இந்த விதியைக் குமாஸ்தா ஷஃபியுல்லா மூன்று பிரதி எடுத்தார். போர்டில் அவர் ஒருவர்தான் விதிகளைப் படிப்பவர்.

கதவு வந்தது. ஆள் உயரத் தேக்குக் கதவு. அதற்குச் சுப்பராயன் என்று ஒரு காவல்காரன். முதல் நாள் காலையில் பச்சையம்மா கூடையோடு வந்து நின்றாள்.

"தொறடா நைனா, வெயில் ஏறுது."

"பிரசிடெண்டு உத்தரவு. மீன் இந்த வழியா போவக் கூடாது."

"மீன் எங்கடா போவுது? நான்தான் போறேன்."

சுப்பராயன் கதவைத் திறந்தான். திறந்து, கூடையைப் பிடித்து இழுத்து, வஞ்சிரத்தையும் சங்கராவையும் மணலில் கொட்டி, செருப்புக் காலால் மிதித்தான். ராவ்பகதூர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பச்சையம்மா அழவில்லை, ஏசவும் இல்லை. அவள் ஏசாமலிருந்தது அதுவே முதல் தடவை என்று குப்பத்தில் சொன்னார்கள். மிதிபட்ட மீனை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். மாடியை ஒரு தரம் பார்த்தாள். திருவான்மியூர்ப் பக்கம் நடந்தாள்.

மூன்று வருஷம் நாலு மைல் சுற்றி நடந்தாள். மண்ணாங்கட்டிக்கு அவள் எதுவும் குறை வைக்கவில்லை. சோறு போடுவாள். அவர் முதல் கவளத்தை எடுக்கும்போது மட்டும், "இன்னாய்யா, கழுகு வந்துச்சா?" என்று கேட்பாள். மூன்று வருஷத்தில் அவர் பாதி உடம்பாகிவிட்டார்.

மறுபடி தேர்தல் வந்தது. குப்பத்தில் ராவ்பகதூருக்கு ஓர் ஓட்டுக்கூட விழாது என்பது ராவ்பகதூருக்குத் தெரியும். ஜனங்கள் சரியில்லை என்றால் ஜனங்களை மாற்ற வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். ஷஃபியுல்லாவைக் கூப்பிட்டார்.

"ஓய், குப்பத்துல வீட்டு வரி யார் கட்டறா?"

"ஒருத்தரும் இல்லே ஹுஜூர். குடிசைக்கு வரி இல்லே."

"வரி கட்டாதவனுக்கு ஓட்டு எதுக்கு? எல்லாப் பேரையும் அடிச்சிடும். வேற என்ன வரி வரது அங்கேருந்து?"

"மர வரி ஹுஜூர். முப்பத்தெட்டுப் பேரு இருக்கு. ஆனா அதெல்லாம் கட்டுமரம். கட்டுமரத்துக்குச் சாமி பேரு வெச்சிருக்காங்க. வரிப் புஸ்தகத்துல அந்தப் பேருலதான் ரசீது."

ராவ்பகதூரின் முகம் மலர்ந்தது. "வரி கட்டறவா வாக்காளர். முப்பத்தெட்டுப் பேரும் வாக்காளர். அவாளுக்குப் பதிலா ஓட்டுப் போட முப்பத்தெட்டு ஆள் நான் அனுப்பறேன். வாய் திறந்து ஆட்சேபிக்காத வாக்காளர்கள், ஓய்! இப்படியொரு வட்டத்தைத்தான் நான் இத்தனை நாள் தேடிண்டிருந்தேன்."

"மரம்னு சொன்னேனே, ஹுஜூர்."

"எழுதும்."

"ஹுஜூர் எழுதிக் குடுத்தா எழுதறேன்."

ராவ்பகதூர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஷஃபியுல்லா வரிப் புஸ்தகத்தில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் பட்டியலில் ஏற்றினார். பெயர், இருப்பிடம், அடையாளம், மூன்றையும்.

பட்டியலைச் சுவரில் ஒட்டினதும் மண்ணாங்கட்டி வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஷஃபியுல்லா படித்துக் காட்டினார்.

"மண்ணாங்கட்டி, இல்லே. பச்சையம்மா, இல்லே. அங்காளம்மாள், இருக்கு. இருப்பிடம் கடற்கரை. அடையாளம்: நீளம் இருபத்திரண்டு அடி, மரம் அஞ்சு."

மண்ணாங்கட்டி சுவரில் ஒட்டிய தாளை விரலால் தொட்டுப் பார்த்தார். "பாய், அங்காளம்மா நம்ம மரம் பாய்! எனக்கு ஓட்டு இல்ல, நான் ஏறிப் போற மரத்துக்கு ஓட்டு கீதா?"

"எனக்கு அபிப்பிராயம் இல்லே. பட்டியல்ல பேரு இருக்கிறவங்க ஓட்டுப் போடலாம். தேர்வாளரா நிக்கலாம். வேற ஆள் வந்து அந்தப் பேருல போட்டா குத்தம். இது விதி" என்று சொல்லிவிட்டு ஷஃபியுல்லா வெற்றிலையை மடித்தார். மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "சொந்த ஆளே நேர்ல வந்துட்டா வேற ஆள் எப்படிப் போடுவான்?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அன்றைக்குக் குப்பத்தில் கூட்டம் போட்டார்கள். ஆண்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். மரம் எப்படி ஓட்டுப் போடும் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். பச்சையம்மா எழுந்தாள்.

"கரையில மீன் பிரிக்கறப்போ ஆளுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, மரத்துக்கு ஒரு பங்கு. மரம் வாயத் தொறந்து கேட்டுச்சா? கேக்காமலே எடுத்து வெக்கறோமா இல்லியா? பங்கு வாங்கற மரத்துக்கு ஓட்டு வந்தா மட்டும் இன்னா வலிக்குது உங்களுக்கு?"

ஒரு கிழவர் யோசனையோடு சொன்னார்: "அது நாயம். ஆனா எலெக்டரு யாரு?"

"அங்காளம்மாதான்."

"மரமா?"

"ஆமா. மன்சனை எலெக்டராக்கிப் பாத்தோமே." அவள் புருஷன் பக்கம் திரும்பவில்லை. எல்லாரும் திரும்பினார்கள். "காருல ஏத்திக்கினு போய்ப் பொங்கல் போட்டான். இவரு துன்னாரு. அங்காளம்மாவைக் காருல ஏத்தச் சொல்லு பாப்போம். பொங்கல் போடச் சொல்லு பாப்போம்."

மனுஷனை நிறுத்துவதில் இருக்கும் பலவீனத்தை இவ்வளவு சுருக்கமாக எந்த வக்கீலும் எடுத்துச் சொன்னதில்லை.

மனுத்தாக்கலின்போது வயசு ஒரு தடங்கலாயிற்று. இருபத்தொரு வயசு நிரம்பியிருக்க வேண்டும். "மரம் கட்டி ஆறு வருஷம்தான் ஆவுது" என்று மண்ணாங்கட்டி உண்மையைச் சொல்லத் தொடங்கினார். பச்சையம்மா அவர் காலை மிதித்தாள். "வெட்டறதுக்கு முன்னாடி காட்டுல அம்பது வருஷம் நின்னுச்சு, பாய்." உயிரோடிருந்த காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. ஷஃபியுல்லா ஐம்பத்தாறு என்று எழுதினார். பைத்தியமா, இல்லை. தண்டனை பெற்றதுண்டா, இல்லை. தொழில், மீன்பிடித்தல்.

ஓட்டுப்பதிவு நாள் வந்தது. ராவ்பகதூரின் முப்பத்தெட்டு ஆட்களும் இஸ்திரி போட்ட வேட்டியோடு வரிசையில் நின்றார்கள். குப்பத்து வட்டத்துக்குத் தேர்வாளராக நிற்பவன் காவல்காரன் சுப்பராயன். பாண்டுரங்கன் என்ற பெயரில். ஏனென்றால் பாண்டுரங்கன் பட்டியலில் இருந்த ஒரு கட்டுமரம்.

முதல் ஓட்டு அவனுடையது. "பேரு?" என்றார் ஷஃபியுல்லா.

"பாண்டுரங்கன்."

அதே சமயம் வாசலில், "ஓரம் போ, ஓரம் போ! பாண்டுரங்கன் வந்துகீறாரு!" என்று சத்தம் கேட்டது. பத்துப் பேர் தோளில், கடல்தண்ணீர் சொட்டச் சொட்ட, பாண்டுரங்கன் உள்ளே வந்தார். பின்னால் குப்பம் முழுக்க, முப்பத்தேழு மரங்களோடு நின்றது.

ஷஃபியுல்லா பட்டியலைப் பார்த்தார். "அடையாளம்: நீளம் பத்தொம்பது அடி." அளவு நாடாவை எடுத்தார். மரத்தை அளந்தார், பத்தொன்பது அடி. சுப்பராயனை அளந்தார், ஐந்தடி மூன்று அங்குலம்.

பச்சையம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "மீதி பதிமூணே முக்காலடி எங்கடா நைனா? ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டியா?"

மற்ற முப்பத்தேழு பேரும் தங்கள் நீளத்தைத் தாங்களே ஒரு தரம் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வரிசையில் யாரும் இல்லை. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடியவர்களில் மூன்று பேர் சைதாப்பேட்டை வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை என்று கேள்வி.

முப்பத்தெட்டு மரங்களும் ஒவ்வொன்றாக வந்து, முனையில் மை தடவிக்கொண்டு, சீட்டில் முத்தமிட்டுவிட்டுப் போயின. அங்காளம்மாளுக்கு முப்பத்தெட்டு. பாண்டுரங்கன்கூடத் தம் ஓட்டைத் தமக்குப் போட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவு பெருந்தன்மையை நான் போர்டில் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சான்றிதழில் முத்திரை விழுந்தது.

செய்தி கேட்டு ராவ்பகதூர் சிரித்தார். பிறகு எண்ணிப் பார்த்தார். அவரும் அவர் ஆட்களும் மூன்று. எதிரிகள் மூன்று. ஏழாவது, கட்டுமரம். சிரிப்பு நின்றது.

மறுநாள் அவர் ரோஜா மாலையோடு கடற்கரைக்கு வந்தார். தேர்வாளர் கடலுக்குப் போயிருந்தார். அடுத்த நாள் வந்தார். தேர்வாளரைக் காயப் போட்டிருந்தார்கள். கயிற்றை அவிழ்த்து, ஐந்து மரத்தையும் தனித்தனியாக. எந்த மரத்துக்கு மாலை போடுவது என்று தெரியாமல் ஐந்துக்கும் கும்பிடு போட்டார். "தேர்வாளர் அவர்களே! நமக்குள் என்ன விரோதம்?" என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் பேசினார். தேர்வாளர் ஒரு வார்த்தை பேசவில்லை. "பிடி குடுக்க மாட்டேங்கறதே" என்று போகிற வழியில் முணுமுணுத்துக்கொண்டார். இவ்வளவு தேர்ந்த அரசியல்வாதியை அவர் முன்பின் சந்தித்ததில்லை.

தேர்வாளர்கள் கூடும் நாளில் அங்காளம்மாளை மறுபடி கட்டி, பன்னிரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து, ஜன்னல் வழியாக போர்டு அறைக்குள் இறக்கினார்கள். விதிப்படி ராவ்பகதூரை ஆதரிப்பவர்கள் வலப்பக்கம் உட்கார வேண்டும், எதிர்ப்பவர்கள் இடப்பக்கம். அங்காளம்மாள் இடப்பக்கம் உட்கார்ந்தாள்.

"தேர்வாளரை இந்தப் பக்கம் நகர்த்துங்கோடா!" என்றார் ராவ்பகதூர். நானும் இன்னும் மூன்று சேவகர்களும் தள்ளினோம். தேர்வாளர் அசையவில்லை.

"ஈரம் காயல ஸாமி. நாலு பேரால முடியாது" என்று மண்ணாங்கட்டி ஜன்னலுக்கு வெளியே நின்று பணிவாகத் தெரிவித்தார்.

கொள்கைப் பிடிப்பு என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அதன் கனத்தை அன்றுதான் தள்ளிப் பார்த்தேன்.

ராவ்பகதூர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "ஆட்சேபணை! இது ஒரு தேர்வாளர் இல்லை. ஐந்து கட்டை. நானே என் கண்ணால் தனித்தனியாகப் பார்த்தேன்."

ஷஃபியுல்லா பேனாவை மையில் தோய்த்தார். "அப்போ அஞ்சு ஓட்டுன்னு எழுதிக்கவா, ஹுஜூர்? எட்டுக்கு மூணு."

"ஒருத்தர்! ஒருத்தர்தான்!" என்று ராவ்பகதூர் அவசரமாக ஆட்சேபணையை வாபஸ் வாங்கினார்.

சரி, எதிர்ப்பக்கத்தில் யார் பிரசிடெண்டு? அங்கே அரிசி மண்டிக்காரர் ஒருவர், தென்னந்தோப்புக்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற சப்-ரிஜிஸ்திரார் ஒருவர். மண்டிக்காரரைத் தோப்புக்காரர் ஒப்பவில்லை. தோப்புக்காரரைச் சப்-ரிஜிஸ்திரார் ஒப்பவில்லை. சப்-ரிஜிஸ்திராரை அவர் சம்சாரமே ஒப்பியதில்லை. ஒரு மணி நேரம் ஒருவரை ஒருவர் முறைத்துவிட்டு, தங்களில் ஒருவன் பெரியவனாவதை விட மரம் பெரியதாவது மேல் என்று மூவரும் மனமொத்தார்கள். அங்காளம்மாள் பெயரை முன்மொழிந்து வழிமொழிந்தார்கள். நாலுக்கு மூன்று. அடையாற்றுக் கரை யூனியன் போர்டின் புதுப் பிரசிடெண்டு, அங்காளம்மாள்.

ராவ்பகதூர் எழுந்து நின்றார். "கனவான்களே! இந்த விதிகளையெல்லாம் எழுதியவன் நான். எழுதும்போது ஓர் இடத்தில்கூட நான் மனிதர்களை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டுமரத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை! என்னைத்தான் வைத்துக்கொண்டேன்!"

ஷஃபியுல்லா அதை ஒரு வார்த்தை விடாமல் நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டார். புதுப் பிரசிடெண்டை ஏற்புரைக்கு அழைத்தார்கள். அறை நிசப்தமாயிற்று. இருபது வருஷத்தில் இவ்வளவு கண்ணியமான உரையைக் கேட்டதில்லை என்று சப்-ரிஜிஸ்திரார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிரசிடெண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வீடு கடற்கரை. குறுக்கு வழி சவுக்குத் தோப்பு. பன்னிரண்டு பேர் தோளில் பிரசிடெண்டு புறப்பட்டாள். முன்னால் பச்சையம்மா. பின்னால் குப்பம். அதற்கும் பின்னால், நமக்கென்ன என்று நினைத்துக்கொண்டே நான்.

கதவுக்கு முன்னால் சுப்பராயன் நின்றான்.

"தொறடா."

"முடியாது. பிரசிடெண்டு உத்தரவு வேணும்."

"தோ, பிரசிடெண்டே வந்துகீறாங்க. நேர்லயே கேட்டுக்கோ."

சுப்பராயன் நிமிர்ந்து பார்த்தான். மரத்தின் முனை அவன் மூக்குக்கு நேராக இருந்தது. "உத்தரவு உண்டுங்களா?" என்று கேட்டும் விட்டான், பாவம், பழக்க தோஷம்.

பிரசிடெண்டு பதில் சொல்லவில்லை. பச்சையம்மா கையைத் தூக்கினாள். பன்னிரண்டு பேரும் இருபதடி பின்னால் போனார்கள். மண்ணாங்கட்டிதான் முன்தோள். மூன்று வருஷத்துச் சோறு அவர் தொண்டையில் நின்றது போலிருக்கிறது. "ஏலேலோ" என்று அவர் ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், அதற்குள் காரில் வீடு வந்து மாடி ஏறியிருந்த ராவ்பகதூரின் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்துவிட்டது. சுப்பராயன் ஓடிவிட்டான். பிரசிடெண்டு தன் முதல் உத்தரவைத் தானே கொண்டுபோய்க் கதவில் சேர்ப்பித்தாள். தேக்கு நாலாகப் பிளந்தது. திரும்பி வந்து இரண்டாவது உத்தரவும் போட்டாள். பிறகு போட்டுப் பார்க்க அங்கே கதவு இல்லை.

பச்சையம்மா பலகைத் துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கிக்கொண்டு போனாள். அன்றைக்குக் குப்பத்தில் எல்லா அடுப்பிலும் தேக்கு எரிந்தது. மண்ணாங்கட்டி சாப்பிட உட்கார்ந்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது தரமும் குழம்பு ஊற்றினாள்.

ராவ்பகதூர் லேசில் விடுவாரா? தேர்தல் செல்லாது என்று பதினெட்டுப் பக்கம் மனு எழுதினார். பதினாலாவது விதிப்படி மனுவைப் புதுப் பிரசிடெண்டிடம் நேரில் கொடுக்க வேண்டும். "பிரசிடெண்டு வெள்ளாப்புல கடலுக்குப் போயிட்டுச் சூரியன் கிளம்பினதும் வருவாங்க ஹுஜூர்" என்றார் ஷஃபியுல்லா. மனுவைப் பதிவு செய்ய அவரும் கூடப் போனார். நானும் மைக்கூட்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.

ராவ்பகதூர் சரிகை அங்கவஸ்திரத்தோடு மணலில் நின்றார். அலைக்கு மேல் பிரசிடெண்டு வருவது தெரிந்தது. மண்ணாங்கட்டி துடுப்புப் போட்டுக் கரை சேர்த்தார். ராவ்பகதூர் மனுவை நீட்டினார்.

பச்சையம்மா குறுக்கே வந்தாள். "இரு ஸாமி. பிரசிடெண்டு இன்னும் தண்ணியிலதான் கீறாங்க. மேல இஸ்தாதான் விசாரணை. கரையில நிக்கறவன் மரத்துக்குக் கை குடுக்கணும். அது எங்க வழக்கம். கை குடு."

"நானா?"

"வுட்டா அலை இஸ்துக்கினு பூடும். அப்பறம் மனுவை யாராண்ட குடுப்பே, கடலாண்டயா?"

ராவ்பகதூர் ஷஃபியுல்லாவைப் பார்த்தார். ஷஃபியுல்லா கடலைப் பார்த்தார். ராவ்பகதூர் மனுவைப் பல்லில் கவ்விக்கொண்டு, கச்சத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, மரத்தில் கையை வைத்தார். "ஏலே... ஐலசா" என்று குப்பம் பாடியது. மூன்றாவது இழுப்பில் விழுந்தார். எழுந்தார். மறுபடி இழுத்தார். முழங்கால் மட்டும் மணலும், அங்கவஸ்திரம் முழுக்கக் கடலுமாக, பிரசிடெண்டை மேட்டில் ஏற்றிவிட்டு மூச்சு வாங்கினார்.

பச்சையம்மா ஒரு பிடி காரப்பொடி மீனை அள்ளி அவர் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"இதென்ன! நான் தொடறதில்லை!"

"கை குடுத்தவனுக்குப் பங்கு. வாணாம்னா பிரசிடெண்டு கோச்சுக்குவாங்க."

காரியம் ஆனால் போதும் என்று ராவ்பகதூர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மூடியபடியே வைத்துக்கொண்டார். "சரி. வாங்கிண்டாச்சு. இப்போ மனுவை எடுத்துக்கோ."

அதற்காகத்தான் மூன்று வருஷமாகக் காத்திருந்தவள் மாதிரி பச்சையம்மா சிரித்தாள். "இன்னா ஸாமி இது? பங்கு வாங்கினா நீ அங்காளம்மா ஆளு. சொந்த மரத்து மேல எவனாச்சும் பிராது குடுப்பானா? எங்க கரையில அது செல்லாது."

ஷஃபியுல்லா மைக்கூட்டை என்னிடம் வாங்கி, மணலில் உட்கார்ந்து, முழங்காலில் காகிதத்தை வைத்து நிதானமாக எழுதினார். எழுதியதை விதிப்படி மனுதாரருக்குப் படித்தும் காட்டினார்:

"மனுதாரர் ராவ்பகதூர் வேம்பு அவர்கள், பிரசிடெண்டு அவர்களிடமிருந்து, சாட்சிகள் முன்னிலையில், ஒரு பிடி மீன் பெற்றுக்கொண்டார். மனு தள்ளுபடி."

மீன் நழுவாமலிருக்க ராவ்பகதூர் இன்னும் கையை இறுக்கித்தான் வைத்திருந்தார். அவர் பங்களாப் பக்கம் நாலு அடி நடந்ததும் பச்சையம்மா கூப்பிட்டாள்.

"ஸாமி! நாளிக்கும் விடியறதுக்கு முன்னாடியே வந்துடு. ஒரு ஆள் கொறையுது."